பஸ் தடங்களை மாற்றியாச்சு, பயன் உண்டா? பயணிகளே அளந்து பார்க்க ஒரு முழு வழிகாட்டி

ஒரு நகரத்தின் பஸ் தடங்களை மொத்தமாகக் கலைத்துப் புதிதாக அமைத்தால், முதல் மாதம் முடிவதற்குள் இரண்டு குரல் கேட்கும். "பயணிகள் கூடிவிட்டார்கள், வசூல் ஏறிவிட்டது" என்பது நிர்வாகத்தின் குரல். "எங்க ஊர் வண்டியை வெட்டிட்டாங்க" என்பது மனு கொடுக்கிறவர்களின் குரல். இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் புதிய ஏற்பாடு நன்றாக ஓடுகிறதா என்பது தெரியவராது. டிக்கெட்டை எண்ணுகிறோம், வண்டியை எண்ணுகிறோம். ஆளையும் அவர் செலவழிக்கும் நேரத்தையும் எண்ணுவது அபூர்வம்.

இது அதிகாரிகளுக்காக எழுதியதல்ல. மார்த்தாண்டம், குழித்துறை, நாகர்கோவில் பக்கமிருந்து களியக்காவிளை தாண்டி வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் படிப்புக்கும் திருவனந்தபுரம் போய்வருகிறவர்கள், சாலைக் கம்போளம் என்ற சந்தைப் பகுதியிலும் கரமனையிலும் குடியிருக்கும் நம் ஆட்கள், பயணிகள் சங்கம் நடத்துகிறவர்கள், புராஜெக்ட் தேடும் கல்லூரிப் பிள்ளைகள் ஆகியோருக்காக. ஒரு நோட்டு, செல்போன், நாலைந்து பேர் கூட்டு இருந்தால் போதும்.

உதாரணத்துக்குத் திருவனந்தபுரத்தின் சிட்டி சர்க்குலர் என்ற வட்டப் பஸ் சேவையையே எடுத்துக்கொள்கிறேன். 2021 நவம்பர் கடைசியில் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகமான கே.எஸ்.ஆர்.டி.சி. இதைத் தொடங்கியது. அதுவரை நகரப் பஸ்கள் பெரும்பாலும் புறநகரிலிருந்து நகர நடுவிலுள்ள கிழக்கேகோட்டைக்கோ தம்பானூருக்கோ வந்து திரும்பும். தலைமைச் செயலகம், ஆஸ்பத்திரிகள், கல்லூரிகள், அலுவலகங்கள் இவற்றுக்கிடையே குறுக்கே போக வண்டி குறைவு. அந்த இடைவெளியை நிரப்ப சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை, ஊதா, பழுப்பு, மெஜந்தா என்று நிறத்துக்கு ஒரு வட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் வலமாகவும் இடமாகவும் வண்டி விட்டார்கள். வேறு ஊருக்கும் இந்த முறை பொருந்தும். பாலக்காடோ திருப்பதியோ, இடப்பெயரை மாற்றிக்கொண்டால் சரி.

படி 1: எதற்காக மாற்றினார்கள் என்பதை எழுத்தில் பிடியுங்கள்

பஸ் நெட்வொர்க்குக்கு இரண்டு எஜமானர்கள். ஒருவர், "ஆள் நிறைய இருக்கிற பாதையில் அடிக்கடி வண்டி விடு" என்பார். இன்னொருவர், "பத்து வீடு இருந்தாலும் அந்த ஊருக்கும் ஒரு வண்டி வேண்டும்" என்பார். இருக்கிற வண்டியையும் ஆளையும் வைத்து இருவரையும் முழுதாகத் திருப்திப்படுத்த முடியாது. எந்தப் பக்கம் சாய்ந்தார்கள் என்பது தெரியாமல் மதிப்பெண் போட்டால் அது அநியாயம்.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம் 2015 ஆகஸ்ட் 16 அன்று ஒரே இரவில் தன் பஸ் தடங்களை மாற்றியது. அங்கே குறிக்கோள் வெளிப்படையாக இருந்தது: அடிக்கடி வண்டி வரும் தடங்களைக் கூட்டுவது, அந்தச் சேவையை வார நாளோடு நிறுத்தாமல் சனி, ஞாயிறுக்கும் நீட்டுவது. ஆகவே அங்கே ஞாயிற்றுக்கிழமை நிலவரத்தைப் பார்க்காமல் எழுதும் எந்த மதிப்பீடும் அரைகுறைதான். உங்கள் ஊரில் அறிவிப்பு வந்தபோது அமைச்சர் என்ன சொன்னார், செய்திக்குறிப்பில் என்ன இருந்தது என்பதைத் தேடி நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். "மக்கள் வசதிக்காக" என்ற ஒரு வரிக்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை என்றால், அதையே முதல் கண்டுபிடிப்பாக எழுதிவிடலாம்.

படி 2: பழைய நிலையைக் கைப்பற்றுங்கள்

இதுதான் பலரும் கோட்டை விடுகிற இடம். புதிய நேர அட்டவணை செல்போனில் கிடைக்கும். பழையது ஒரு வாரத்தில் காணாமல் போய்விடும். மாற்றம் வருகிறது என்று தெரிந்த உடனே பஸ் ஸ்டாண்டில் எழுதிப்போட்டிருக்கும் நேரப் பலகையைப் படமெடுத்து வையுங்கள். காலம் கடந்துவிட்டதா? டைம் கீப்பரிடம் பழைய தாள் இருக்கும். ஸ்டாண்டுக்குள் கடை வைத்திருப்பவரிடம் கேளுங்கள். முதல் வண்டியும் கடைசி வண்டியும் எத்தனை மணி என்பது அவருக்கு மனப்பாடம்.

முறையாகப் பெற, தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. இந்தியக் குடிமகன் யாரும் எந்த மாநில அலுவலகத்திடமும் கேட்கலாம். தமிழ்நாட்டுக்காரர் கேரளத்தில் கேட்கத் தடையில்லை. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். மனுவை ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ எழுதலாம். "பஸ் சேவை பற்றிய விவரம் தருக" என்று மொட்டையாகக் கேட்டால் மொட்டையான பதில்தான் வரும். மாற்றத்துக்கு முந்திய ஆண்டு, பிந்திய ஆண்டு இரண்டுக்கும், தடவாரியாக, மாதவாரியாக இவற்றைக் கேளுங்கள்: திட்டமிட்ட கிலோமீட்டரும் ஓடிய கிலோமீட்டரும், ரத்தான நடைகளும் (வண்டி ஒரு தடவை போவது ஒரு நடை) காரணமும், டிக்கெட் மெஷினில் பதிவான டிக்கெட் எண்ணிக்கை மணிவாரியாக, வசூல், சலுகைப் பாஸ் எண்ணிக்கை. மின்னணுக் கோப்பாக வேண்டும் என்று சேர்த்து எழுதுங்கள்; இல்லாவிட்டால் மங்கிய ஜெராக்ஸ் கட்டு வந்து சேரும்.

இனி முக்கியமான சிக்கல். முன்பு, பின்பு என்று இரண்டு எண்ணை வைத்து ஒப்பிடுவது எளிது. ஆனால் நடுவில் வேறு என்னென்ன மாறியது? சிட்டி சர்க்குலரையே பாருங்கள். அது தொடங்கிய அதே நவம்பர் முதல் தேதிதான் கொரோனாவுக்குப் பிறகு கேரளத்தில் பள்ளிகள் திறந்தன. 2022 மே மாதம் குறைந்தபட்சக் கட்டணம் 8 ரூபாயிலிருந்து 10 ஆனது. அதே ஆண்டு ஆகஸ்டில் இந்த வட்டங்களுக்கு மின்சார வண்டிகள் வரத் தொடங்கின. 2023-இல் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் 113 மின்சாரப் பஸ்கள் சேர்ந்தன. கொரோனா ஊரடங்கு மாதத்தோடு ஒப்பிட்டால் எந்த நெட்வொர்க்கும் பிரமாதமாகத்தான் தெரியும்.

இதற்கு மருந்து, மாறாத தடங்களையும் கூடவே பார்ப்பது. மாற்றிய தடங்களில் ஓராண்டில் ஆள் 20 சதவீதம் கூடியிருக்கிறார்கள் என்று வையுங்கள். அதே காலத்தில் கைவைக்காத நெய்யாற்றின்கரைப் பக்கத் தடங்களிலும் 15 சதவீதம் கூடியிருந்தால், புதிய அமைப்பின் கணக்கில் வரவு வைக்க வேண்டியது ஏறக்குறைய 5 மட்டுமே. (இவை விளக்கத்துக்கான எண்கள், அசல் எண்ணை நீங்கள்தான் எடுக்க வேண்டும்.)

ஒரு மாதத்தை முந்திய ஆண்டின் அதே மாதத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். ஏப்ரல், மே பள்ளி விடுமுறை. ஓணம் வாரம் வேறு ஊர். கார்த்திகை பிறந்ததும் சபரிமலைக்கு வண்டி போய்விடும். ஆற்றுக்கால் பொங்கலை நாளில் நகரமே அடுப்பாக இருக்கும். அன்று எடுத்த எண்ணைத் தூக்கிப் போடுங்கள். பத்மநாபசுவாமி ஆறாட்டு நாளில் கோட்டைப் பக்கம் வண்டி நகராது. ஹர்த்தால் பற்றிச் சொல்லவே வேண்டாம். சிலியின் சாண்டியாகோ நகரம் 2007 பிப்ரவரி 10 அன்று மொத்த நெட்வொர்க்கையும் ஒரே நாளில் மாற்றியது. அங்கே பிப்ரவரி கோடை விடுமுறை. மார்ச்சில் ஊர் திரும்பியபோதுதான் நெரிசலின் முழு உருவம் தெரிந்தது. அதிபர் மிச்செல் பாச்செலெட் மக்களிடம் மன்னிப்புக் கேட்கும் அளவுக்குப் போயிற்று. விடுமுறை மாதத்து எண்ணை நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

படி 3: டிக்கெட் கணக்கை அவிழ்த்துப் பாருங்கள்

முன்பு 1,000 பேர் ஒரே வண்டியில் போனார்கள், 1,000 டிக்கெட். புதிய அமைப்பில் 900 பேர்தான் வருகிறார்கள். அதில் 400 பேர் நடுவழியில் இறங்கி வேறு வண்டி பிடிக்க வேண்டியிருக்கிறது. டிக்கெட் மெஷின் காட்டுவது 1,300. அறிக்கையில் "30 சதவீத வளர்ச்சி" என்று வரும். உண்மையில் 100 பேர் பஸ்ஸை விட்டுப் போய்விட்டார்கள்.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. மெஷினுக்கு ஆளைத் தெரியாது, அவ்வளவுதான். தென்கொரியாவின் சியோல் 2004 ஜூலை 1 அன்று நிறம் பிரித்த புதிய பஸ் நெட்வொர்க்கைக் கொண்டுவந்தபோது கூடவே அட்டை முறையையும் கொண்டுவந்தது. ஏறும்போதும் இறங்கும்போதும் அட்டையைக் காட்டினால் மாறி ஏறுவது சலுகைக் கட்டணத்தோடு பதிவாகும். யார் எங்கே மாறினார் என்பது அங்கே தானாகத் தெரியும். நம்மிடம் பெரும்பாலும் கண்டக்டர் கிழித்துத் தரும் காகிதம்தான்.

ஆகவே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்டாப்பில் நிற்பவரிடம் இரண்டே கேள்வி: "இதுக்கு முன்னாடி வேற பஸ்ல வந்தீங்களா? இறங்கின பிறகு இன்னொண்ணு ஏறணுமா?" இடம், நேரம், நாள் கலந்து ஏறக்குறைய 400 பேரிடம் கேட்டால் விடை கூடக்குறைய 5 சதவீதப் பிழைக்குள் நிற்கும். அப்படி வரும் விகிதத்தை வைத்து டிக்கெட் எண்ணை ஆள் எண்ணாக மாற்றலாம்.

கட்டண முறையும் கணக்கைக் குழப்பும். சிட்டி சர்க்குலரில் எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் 10 ரூபாய் என்று ஓடிய காலம் உண்டு. நாள் முழுக்கச் சுற்ற 50 ரூபாய்க்கு 'குட் டே' டிக்கெட்டும் தந்தார்கள். நாள் டிக்கெட் எடுத்தவர் எத்தனை வண்டி ஏறினார் என்பதை வசூல் சொல்லாது. மாணவர் சலுகையில் போகிற பிள்ளைகள் வசூலில் கிட்டத்தட்டத் தெரியவே மாட்டார்கள். நெரிசலில் மட்டும் தெரிவார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் இன்னொரு முடிச்சு: தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. குழித்துறை அக்கா களியக்காவிளை வரை காசில்லாமல் வந்து, அங்கிருந்து கேரள வண்டியில் டிக்கெட் எடுப்பார். ஆந்திராவிலும் 2025 ஆகஸ்ட் 15 முதல் பெண்களுக்கு இலவசம் வந்துவிட்டது. சித்தூர், திருப்பதி பக்கம் கணக்கெடுப்பவர்கள் அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் தனித்தனியாகப் பிரித்துவிட வேண்டும்.

படி 4: காத்திருப்பை அளந்து பாருங்கள்

என்னைக் கேட்டால் மொத்த வேலையில் பாதியை இதற்கே கொடுப்பேன்.

பலகையில் "10 நிமிடத்துக்கு ஒரு வண்டி" என்று இருக்கும். பயணி சராசரியாக 5 நிமிடம் நிற்பார் என்று அதற்கு அர்த்தம். நிஜம் எப்படி? ஒரு ஸ்டாப்பில் ஒரு மணி நேரம் நின்று, ஒரே நிறம், ஒரே திசை வண்டிகளின் நேரத்தைக் குறிக்கிறீர்கள். இடைவெளிகள் 4, 19, 3, 14, 2, 18 நிமிடம் என்று வந்ததாக வைப்போம். கூட்டினால் 60 நிமிடம், 6 வண்டி. காகிதத்தில் எல்லாம் சரி. சொன்னபடி வண்டி விட்டாயிற்று. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் 51 நிமிடம் நீண்ட இடைவெளிகளுக்குள் அடங்கியது. நினைத்த நேரத்தில் ஸ்டாப்புக்கு வருகிற நூறு பேரில் 85 பேர் அந்த நீண்ட இடைவெளியில்தான் மாட்டுவார்கள்.

கணக்கு எளிது. ஒவ்வொரு இடைவெளியையும் அதே எண்ணால் பெருக்கிக் கூட்டுங்கள்: 16 + 361 + 9 + 196 + 4 + 324 = 910. மொத்த நேரம் 60-ஐ இரண்டால் பெருக்கினால் 120. 910-ஐ 120-ஆல் வகுத்தால் 7.6 நிமிடம். சொன்னது 5, கிடைத்தது 7.6. அந்த 2.6 நிமிடம் வண்டிகள் ஒழுங்காக இடைவெளி விடாததால் பயணி கூடுதலாக இழந்தது. லண்டனில் அடிக்கடி வண்டி வரும் தடங்களை, அதாவது மணிக்கு 5 வண்டி அல்லது அதற்கு மேல் உள்ளவற்றை, இந்தக் கூடுதல் காத்திருப்பை வைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள். வண்டி ஓட்டும் ஒப்பந்த நிறுவனங்களுக்கு ஊக்கத்தொகையும் பிடித்தமும் அதைப் பொறுத்தே. மணிக்கு 5-க்குக் குறைந்த தடங்களில் இந்தக் கணக்கு வேண்டாம். அங்கே பயணிகள் நேரம் தெரிந்து வருவார்கள். வண்டி நேரத்துக்கு வந்ததா என்று மட்டும் பாருங்கள்.

வண்டிகள் ஏன் இப்படிச் சேர்ந்து வருகின்றன? ஒரு வண்டி இரண்டு நிமிடம் பிந்தினால் அடுத்த ஸ்டாப்பில் கூடுதல் ஆள் நிற்பார்கள், ஏற்றுவதற்கு நேரமாகும், இன்னும் பிந்தும். பின்னால் வருகிற வண்டிக்கு ஆளே இருக்காது. சரசரவென்று வந்து முன்னதை முட்டிக்கொண்டு நிற்கும். வட்டத் தடத்தில் இது இன்னும் மோசம். நேர்கோட்டுத் தடத்தில் கடைசி ஸ்டாண்டில் பத்து நிமிடம் நிறுத்தித் தாமதத்தை விழுங்கிவிடலாம். வட்டத்துக்கு முனை இல்லை. ஸ்டாச்சுவில் தலைமைச் செயலகத்துக்கு முன்னால் ஒரு தர்ணா (இல்லாத நாள் எது?) வண்டியைப் பிடித்து நிறுத்தினால், அந்தத் தாமதம் சுற்று முழுக்கக் கூடவே வரும், அடுத்த சுற்றிலும் தொடரும். எனவே வட்டத்தில் எந்த இடத்தில் வண்டியை நிறுத்தி நேரம் சரிசெய்கிறார்கள் என்பதைத் தனியாகக் கவனித்து எழுதுங்கள். அப்படி ஒரு இடமே இல்லையென்றால் அறிக்கையில் பெரிய எழுத்தில் வர வேண்டிய விஷயம் அது.

குறிக்கும் முறை: நேரம், நிறம், திசை, வண்டி எண், நெரிசல். கே.எஸ்.ஆர்.டி.சி. வண்டிகள் பெரும்பாலும் கே.எல். 15 என்றே தொடங்கும். கடைசி நான்கு இலக்கம் போதும். எண் இருந்தால் அடுத்த ஸ்டாப்பில் நிற்கும் நண்பரின் நோட்டோடு பொருத்தி ஓட்ட நேரத்தையும் எடுத்துவிடலாம். நெரிசலுக்கு மூன்று குறி வைத்துக்கொள்ளுங்கள்: உட்கார இடமுண்டு, நிற்க இடமுண்டு, கதவடைக்கத் தள்ள வேண்டியிருக்கிறது. செவ்வாய் முதல் வியாழன் வரை சாதாரண நாள்; அதோடு ஒரு ஞாயிறு. காலை, மதியம், இரவு எட்டரைக்கு மேல் என்று மூன்று நேரமும் வேண்டும். காலையை மட்டும் அளந்துவிட்டு முடிவெழுதுகிறவர்கள் அதிகம். இரவில்தான் நெட்வொர்க்கின் நிறம் வெளுக்கும்.

நெரிசலிலும் சராசரி ஏமாற்றும். ஒரு வண்டியில் 70 பேர், பின்னால் வந்ததில் 10 பேர். சராசரி 40, எல்லோரும் உட்கார்ந்து போனதாகத் தோன்றும். ஆனால் 80 பேரில் 70 பேர் நெரிந்துதான் போனார்கள்.

படி 5: ஓடாத நடைகள்

சுருக்கமாகச் சொல்கிறேன். திட்டமிட்ட நடைகளில் எத்தனை ஓடின? ஆள் இல்லை, வண்டி பழுது, வேறு பணிக்கு அனுப்பியது, பேட்டரி சார்ஜ் என்று காரணம் பிரித்துப் பாருங்கள். நூற்றுக்குப் பத்து நடை ரத்து என்றால் தட வரைபடத்தைக் குறைசொல்வதில் பொருளில்லை. கோளாறு டிப்போவில் இருக்கிறது. தடத்தின் குறையையும் இயக்கத்தின் குறையையும் ஒரே மூட்டையில் கட்டினால் மருந்து தவறிப்போகும்.

படி 6: மாறி ஏறும் இடத்தில் நின்று பாருங்கள்

புதிய நெட்வொர்க்குகள் எல்லாமே ஏறக்குறைய ஒரு பந்தயத்தின் மேல் நிற்கின்றன: ஒரு தடவை மாறி ஏறச் சம்மதித்தால் எல்லா இடத்துக்கும் சீக்கிரம் போகலாம் என்பது அது. பார்சிலோனா 2012 முதல் 2018 வரை படிப்படியாகத் தன் முக்கியத் தடங்களைக் குறுக்கும் நெடுக்குமாக 28 கோடுகளாக அடுக்கியது இதை நம்பித்தான். ஆனால் அங்கே மாறும் இடங்கள் ஒரே சந்திப்பில், தெருவைத் தாண்டினால் அடுத்த ஸ்டாப் என்று இருக்கும்.

கிழக்கேகோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். நிறுத்தங்கள் சாலை நெடுக இருபுறமும் பரவிக் கிடக்கின்றன. மெடிக்கல் காலேஜ் வண்டி ஒரு முனையில், சாலைக் கம்போளம் பக்கம் இறங்கியவர் மறுமுனையில். நடை மேம்பாலம் இருக்கிறது; மூட்டுவலிக்காரர் அதை எத்தனை தடவை ஏறுவார்? நாகர்கோவில் வண்டியில் வந்து தம்பானூரில் இறங்கியவருக்குக் கிழக்கேகோட்டை ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். மழை நாளில் பையோடு அது வேறு தூரம்.

இங்கே அளக்க வேண்டியவை: இறங்கிய இடத்திலிருந்து ஏறும் இடத்துக்கு எத்தனை அடி (எண்ணி நடங்கள்), எத்தனை தடவை சாலையைக் கடக்க வேண்டும், தலைக்கு மேல் கூரை உண்டா, உட்கார இடமுண்டா, எந்த வண்டி எங்கே நிற்கும் என்று எழுதியிருக்கிறதா, கழிப்பறை எவ்வளவு தூரம். கடைசியாகச் சொன்னதை ஆண்கள் எழுதும் அறிக்கைகளில் பார்த்ததில்லை.

எழுத்துப்பலகை விஷயத்தில் சிட்டி சர்க்குலருக்கு ஒரு நல்ல மதிப்பெண் தருவேன். மலையாளம் படிக்கத் தெரியாத நம்மூர்க்காரருக்கு முன்பெல்லாம் "சேட்டா, மெடிக்கல் காலேஜ் போகுமா?" என்று வண்டிக்கு வண்டி கேட்பதுதான் வழி. நிறம் வந்த பிறகு ஒரு தடவை தெரிந்துகொண்டால் போதும். இதையும் சோதிக்கலாம்: நகரத்துக்குப் புதிய ஒருவரைத் தம்பானூரில் விட்டு, யாரிடமும் கேட்காமல் ஓரிடத்துக்குப் போகச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறார் என்று பின்னாலேயே போய்க் குறியுங்கள். வலவட்டமா இடவட்டமா என்பதில்தான் பெரும்பாலும் திகைப்பார்கள். தவறான திசையில் ஏறினால் பத்து நிமிடப் பயணம் ஊர் சுற்றலாகிவிடும்.

படி 7: வீட்டு வாசலிலிருந்து போகுமிடம் வரை

மார்த்தாண்டத்திலிருந்து கணவரை மெடிக்கல் காலேஜ் பக்கமுள்ள புற்றுநோய் ஆஸ்பத்திரியான ஆர்.சி.சி.க்குக் கூட்டிப்போகும் ஒரு அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். கையில் ஃபைலும் ஸ்கேன் கவரும், ஓ.பி. டோக்கனுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டிய அவசரம். அவருக்குச் சிவப்பு வட்டத்தின் வேகமோ நீல வட்டத்தின் வசூலோ பொருட்டில்லை. வீட்டிலிருந்து ஸ்டாப்புக்கு நடை, காத்திருப்பு, தம்பானூர் வரை பயணம், அங்கே நடை, மறுபடி காத்திருப்பு, மெடிக்கல் காலேஜ் வரை பயணம், உள்ளே நடை. இந்த ஏழு துண்டையும் தனித்தனியாக நேரம் பிடியுங்கள்.

நகரத்தைச் சுற்றி இருபது கிளம்புமிடம், பத்துச் சேருமிடம் தேர்ந்தெடுங்கள். கிளம்புமிடத்தில் வசதியான பகுதி, கடற்கரைக் குப்பங்கள், புறநகர் எல்லாம் கலந்திருக்கட்டும். சேருமிடத்தில் மெடிக்கல் காலேஜ், தலைமைச் செயலகம், கழக்கூட்டம் டெக்னோபார்க், சாலைக் கம்போளம், ஒரு அரசுப் பள்ளி என்று இருக்கட்டும். பழைய அட்டவணைப்படி எவ்வளவு, புதியதன்படி எவ்வளவு, அளந்த காத்திருப்பைச் சேர்த்தால் எவ்வளவு என்று மூன்று நேரம். எல்லா இணையையும் நேரில் போய்ப் பார்க்க வேண்டாம். ஓட்ட நேரமும் காத்திருப்பும் கையில் இருந்தால் மீதியை மேசையில் கூட்டிக்கொள்ளலாம்.

ஒரு நுட்பம். முன்பு மணிக்கு ஒரு நேர் வண்டி, 30 நிமிடப் பயணம். இப்போது பத்து நிமிடத்துக்கு ஒன்றாக இரண்டு வண்டி, மொத்தம் 35 நிமிடப் பயணம். திட்டக்காரர் போடும் கணக்கு: முன்பு சராசரிக் காத்திருப்பு 30, ஆக 60 நிமிடம், இப்போது 5-ம் 5-ம் சேர்த்து 45, கால் மணி லாபம். பயணி சொல்வார்: "8.10 வண்டினு தெரியும், எட்டு மணிக்கு ஸ்டாப்ல நிப்பேன், 40 நிமிஷத்துல போயிருவேன்." அவர் சொல்வதும் சரி. ஆனால் 8.10-ஐத் தவறவிட்டால் அன்றைக்கு அவர் பாடு என்ன, வேலை முடிந்து திரும்பும் நேரம் வண்டி நேரத்தோடு ஒத்துவருமா என்பது திட்டக்காரர் பக்க நியாயம். இரண்டு கணக்கையும் எழுதுங்கள். ஒன்றை மறைத்தால் அறிக்கைக்கு எதிர்த்தரப்பில் மதிப்பிருக்காது. நடப்பதும் நிற்பதும் வண்டியில் உட்கார்ந்திருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளமாகப் பயணிக்குத் தோன்றும் என்று போக்குவரத்துத் திட்டத்தில் வழக்கமாக எடுத்துக்கொள்கிறார்கள். அதையும் ஒரு பத்தியில் காட்டலாம்.

படி 8: யார் இழந்தார்கள் என்று தேடிப் போங்கள்

சராசரி நன்றாக வந்துவிட்டால் பலரும் இங்கே நிறுத்திவிடுவார்கள். ஆயிரம் பேருக்கு ஐந்து நிமிடம் மிச்சம், முப்பது பேருக்கு வண்டியே இல்லை என்றால் சராசரி சிரித்த முகத்தோடுதான் இருக்கும்.

பஸ்ஸில் இருப்பவரிடம் மட்டும் கேட்டால் பஸ்ஸை விட்டவர் கிடைக்கமாட்டார். வெட்டிய தடத்தின் பழைய ஸ்டாப்புக்குப் பக்கத்து டீக்கடையிலும் ஆட்டோ ஸ்டாண்டிலும் கேளுங்கள். விடியற்காலை அஞ்சு மணிக்குத் துப்புரவு வேலைக்குப் போகிறவர், ராத்திரி பத்துக்கு மேல் ஹோட்டல் வேலை முடிகிறவர், விழிஞ்ஞம், பூந்துறைப் பக்கமிருந்து மீன் கூடையோடு சந்தைக்கு வரும் பெண்கள், டியூஷன் முடிந்து திரும்பும் மாணவி, ஊன்றுகோலோடு நடப்பவர்: இவர்களை ஒவ்வொருவராகத் தேடிக் கேட்க வேண்டும், தானாக வந்து சொல்லமாட்டார்கள். "இப்ப எப்படிப் போறீங்க? எவ்வளவு செலவு?" என்ற இரண்டு கேள்வி போதும். பத்து ரூபாய் டிக்கெட்டுக்குப் பதில் ஆட்டோவுக்குக் கொடுக்கிறார்களா, ஸ்கூட்டர் கடனில் வாங்கினார்களா, வேலையையே விட்டுவிட்டார்களா என்று அங்கேதான் தெரியும். எல்லைக்காரர்களுக்கு ஒரு தனி வரி சேருங்கள்: நகர வட்டம் இரவு எத்தனை மணிக்கு ஓய்கிறது, அதில் வந்தால் தம்பானூரில் களியக்காவிளைக்குக் கடைசி வண்டி கிடைக்குமா?

படி 9: காசு

கிலோமீட்டருக்கு எவ்வளவு வசூல் என்பதுதான் டிப்போக்களில் எல்லோரும் பேசும் எண். அதைத் தடம் தடமாகப் பார்த்து ஒரு வட்டத்தை "நஷ்டம்" என்று ஒதுக்குவது தவறு. குறுகிய தூரம், ஒரே கட்டணம் என்று ஓடும் நகர வண்டியை நெடுந்தூர வண்டியோடு ஒப்பிடவே கூடாது. அந்த வட்டம் இறக்கிவிடுகிற ஆள்தான் நெய்யாற்றின்கரை வண்டியை நிரப்புகிறார் என்றால் அந்த வசூலில் வட்டத்துக்கும் பங்குண்டு. ஆகவே மொத்த நெட்வொர்க்கின் செலவை மொத்தப் பயணத்தால் (டிக்கெட்டால் அல்ல, படி 3-இல் கிடைத்த ஆள் எண்ணால்) வகுத்துப் பாருங்கள். டீசலிலிருந்து மின்சாரத்துக்கு மாறியதால் வந்த சேமிப்பைத் தனி வரியில் காட்டுங்கள். தட மாற்றத்தின் புண்ணியம் அல்ல அது.

படி 10: எப்போது முடிவு சொல்லலாம்

முதல் மூன்று மாதத்தில் தீர்ப்பு எழுத வேண்டாம். சியோலில் தொடங்கிய முதல் நாட்களில் அட்டை எந்திரங்கள் மக்கர் பண்ணி, பயணிகள் கொதித்து, மேயர் மன்னிப்புக் கேட்டார். அதே நெட்வொர்க்தான் பின்னாளில் பல நகரங்கள் போய்ப் பார்த்துவரும் மாதிரியானது. வீடு, வேலை, பள்ளி எல்லாம் புதிய தடத்துக்கேற்ப மெல்ல மாற ஓராண்டாவது வேண்டும். ஆனால் முதல் வாரத்திலேயே சொல்லக்கூடியவையும் உண்டு: ரத்தான நடை, எழுதாத பலகை, கூரையில்லாத ஸ்டாப், முட்டிக்கொண்டு வரும் வண்டிகள். இவற்றுக்கு ஓராண்டு காத்திருக்க அவசியமில்லை.

அறிக்கையை இரண்டு தாளுக்குள் முடியுங்கள். முதல் தாளில் நான்கே வரி: காத்திருப்பு, வாசல் முதல் வாசல் நேரம், உண்மையான ஆள் எண்ணிக்கை, இழந்தவர்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எந்த ஸ்டாப், எந்த நாள், யார் அளந்தது. இரண்டாம் தாளில் கேட்பது என்ன: "பட்டம் ஸ்டாப்பில் இரவு எட்டரைக்கு மேல் இரண்டு நடை கூட்டுங்கள்" என்பது போல டிப்போ அதிகாரி அப்படியே உத்தரவாக்கக்கூடிய வாக்கியங்களாக இருக்கட்டும். பாறசாலைப் பக்கத்து நண்பர் யாரையாவது பிடித்து மலையாளத்தில் ஒரு படி எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று திருவனந்தபுரம் அலுவலகத்துக்கு, ஒன்று மாநகராட்சி வார்டு உறுப்பினருக்கு, தமிழில் ஒன்று நாகர்கோவில் போக்குவரத்துக் கழகத்துக்கு. களியக்காவிளையில் இணைப்பு வண்டியின் நேரத்தைப் பத்து நிமிடம் தள்ளிவைக்கக் கூடியவர்கள் அவர்கள்தான்.